வடசென்னை மொட்டை மாடியில் வறண்ட நிலச் செடிகள் வளர்க்கும் முறை

தென்னாப்பிரிக்காவில் 1921-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, 1945-இல் வூஸ்டர் நகருக்கு இடம் மாறிய கரூ பாலைவனத் தாவரவியல் பூங்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 250 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். சென்னையில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பெரும்பங்கு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே கொட்டிவிடுகிறது. ஆகவே தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ அந்தப் பூங்காவில் உள்ளவை போன்ற வறண்ட நிலச் செடிகளை வளர்ப்பவர்கள் முதலில் வேரில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூழாங்கல்லைப் போன்ற லித்தாப்ஸ் செடி, தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலப்பகுதியான கரூவின் உலர்ந்த காற்றுக்குப் பழகியது. நம் ஊர்ப் புழுக்கத்தில் எளிதில் அழுகிவிடும் என்பதால், எத்தனை அழகாக இருந்தாலும் அதைத் தவிர்ப்பதே நல்லது. ஆப்பிரிக்கா, அரேபியா ஆகியவற்றின் வெப்பமான வறண்ட நிலங்களைச் சேர்ந்த அடினியமும், நம் மண்ணுக்கே பழகிய சோற்றுக்கற்றாழை, மருள், பிரண்டை ஆகியவையும் இங்கே செழித்து வளரும்.

மண் கலவையில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு பட்டாணி அளவில் உடைத்த செங்கல் ஆகியவற்றைக் கலந்துகொள்ளுங்கள். எம்-சாண்ட் பயன்படுத்தினால் அதிலுள்ள தூசியைச் சலித்து நீக்கிவிட வேண்டும். காசிமேட்டுக் கடற்கரை அருகில்தானே இருக்கிறது என்று அங்கிருந்து மணல் அள்ளி வராதீர்கள். அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கிவிடும். தென்னை நார்க்கழிவு ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைப்பதால் இக்கலவைக்கு ஏற்றதன்று. அடியில் துளையுள்ள மண் தொட்டியில் நட்டு, துளை அடைபடாதவாறு இரண்டு செங்கற்களின் மேல் வைத்து, வேர்க்காயம் ஆறும் வரை ஒரு வாரம் நீர் ஊற்றாமல் விட்டுவிடுங்கள்.

அதன்பின் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உள்ளேயும் உலர்ந்திருந்தால் மட்டும் துளை வழியே வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் வீடுகளில், பிடித்து வைத்த மழைநீரே செடிக்கு உகந்தது.

பருவமழைக்கு முன்பே தொட்டிகளைச் சன்ஷேடின் கீழ் நகர்த்திவிட வேண்டும். அடினியத்தின் அடித்தண்டு மெத்தென்று அமுங்கினால், அழுகலைச் சுத்தமான கத்தியால் முழுவதும் வெட்டி நீக்கி, வெட்டுவாய் காயும் வரை நிழலில் வைத்துப் புதிய கலவையில் நடுங்கள். அதன் பால் நச்சுத்தன்மை உடையது என்பதால் கையுறை அணிந்துகொண்டு, கண்ணில் படாமல் வேலை செய்யுங்கள். மழை ஓய்ந்தபின் தொட்டிகளைச் சில நாட்கள் காலை வெயிலில் மட்டும் வைத்துப் பழக்கிய பிறகே முழு வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும்.