வாசப்படி நனையிற சான்ஸ் எவ்வளவு எண்டு நாமளே கணக்குப் பாக்கிறது

மட்டக்களப்பில 2011 ஜனவரி வெள்ளத்தப் பாத்த ஆக்கள் கனபேர் "அது நூறு வருசத்துக்கு ஒருக்கா வாற வெள்ளம், இனி எங்கட காலத்தில வராது" எண்டு சொல்லித் திரியிறாங்க. பிழை. நூறு வருசத்துக்கு ஒருக்கா எண்டா ஒவ்வொரு மாரிக்கும் நூத்தில ஒரு சான்ஸ், அவ்வளவுதான், போன மாரி வந்திட்டு எண்டது மழைக்கு ஞாபகம் இருக்காது. ஒரே வீட்டில 30 வருசம் இருந்தா அப்பிடி ஒண்டு ஒருக்காவாவது வாறதுக்கு 26 வீதம் சான்ஸ் இருக்கு.

இதுக்கு கொம்பியூட்டர் ஒண்டும் தேவையில்ல, ஒரு கொப்பியும் போன் கல்குலேட்டரும் காணும். முதல் வேலை, ஒவ்வொரு மாரிக்கும் தண்ணி ஆகக் கூடினது எதுமட்டும் வந்தது எண்டு எழுதுங்க, கிணத்துக்கட்டில, சுவரில கறை கிடந்தா அதையும் அளந்து போடுங்க. அம்மம்மாட கேட்டா வருசம் வராது, "உன்ட மாமன் வயித்தில இருக்கக்குள்ள" எண்டுதான் வரும், மாமன்ட பிறப்புச் சான்றிதழ எடுத்துத்தான் வருசத்தப் பிடிக்கணும்.

கனபேர் கோட்டை விடுற இடம் ஒண்டு இருக்கு. ஜனவரி தொடக்கம் டிசம்பர் எண்டு எண்ணினா எங்கட மாரி நடுவால முறிஞ்சி போகும், அதால ஒக்டோபரில தொடங்கி எண்ணுங்க. 2011ல ஜனவரியிலயும் வந்து மறுகா பெப்ரவரியிலயும் வந்த, ரெண்டும் ஒரே மாரி, பெரியத மட்டும் எடுக்கணும்.

ஒரு கதைக்கு 24 மாரிக்கு கணக்கு இருக்கு, அதில 5 மாரி வாசப்படிக்கு மேல தண்ணி ஏறின எண்டு வைப்பம். கொப்பியில இருக்கிற மாரி கொஞ்சம் எண்டதால 24ஓட ஒண்டக் கூட்டி 25, 5ஐ 25ஆல பிரிச்சா 0.2, அதாவது ஒரு மாரிக்கு 20 வீதம். வராம இருக்க 0.8. அஞ்சு மாரியும் தப்புறதுக்கு 0.8ஐ அஞ்சு தரம் பெருக்கணும், 0.33 வரும், அப்ப அஞ்சு வருசத்தில ஒருக்காவாவது படி நனைய 67 வீதம். இந்த 24 மாரிக் கணக்க வச்சி நூறு வருச வெள்ளத்த மட்டும் சொல்ல வெளிக்கிடாதீங்க, கொப்பி அவ்வளவு தூரம் காணாது.

வாவிக்கு மேற்கால, படுவான்கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள் குளத்தையும் சேத்துப் பாக்கணும். உன்னிச்சைக் குளத்தில வான்கதவு (மிச்சத் தண்ணிய வெளிய விடுற கதவு) திறந்த மாரிய மட்டும் தனிய எண்ணுங்க, 12 மாரி திறந்து அதில 5ல படி நனைஞ்சா, இங்கயும் ஒண்டக் கூட்டி 5/13, கிட்டத்தட்ட 38 வீதம். கதவு திறந்திட்டாங்க எண்டு கேள்விப்பட்ட உடன சான்ஸ் கிட்டத்தட்ட இரட்டிச்சிட்டு, நெல்லு மூட்டைய தூக்கி வைக்கிற நேரம் அது, முற்றத்தில தண்ணி வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கக்கூடா. வாய்க்கால் மூடுண்டாலோ றோட்ட உயத்தினாலோ பழைய கணக்கு சரிவராது, அதுக்குப் பிறகு வந்த மாரிகளுக்கு கூடுதலா மதிப்புக் குடுங்க.

காசுக்கும் இதே கணக்குத்தான். ஒருக்கா படி தாண்டினா ஒரு லட்சம் நட்டம் எண்டா அதில 20 வீதம், சராசரியா வருசத்துக்கு 20,000 ரூபா. 15,000க்கு உயரமா ஒரு பரண் அடிச்சி அந்த நட்டம் முழுக்கத் தப்பினா, சராசரிக் கணக்கில ஒரு மாரிக்குள்ளயே அந்தக் காசு கிறுகி வந்திடும்.