பாக்கெட்டில் அஜினோமோட்டோவைத் தேடாதீர்கள்

புதுச்சேரியில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நல்ல பழக்கம்தான். ஆனால் பலரும் தேடுவது "அஜினோமோட்டோ" என்ற பெயரை. அது ஒரு ஜப்பான் கம்பெனியின் பெயர். அந்தச் சுவை கூட்டும் பொருளின் பெயர் மோனோசோடியம் குளூட்டமேட், சுருக்கமாக எம்.எஸ்.ஜி. பாக்கெட்டில் பெரும்பாலும் அந்தப் பெயரும் இருக்காது. 'ஃப்ளேவர் என்ஹான்சர்' என்று போட்டு, பக்கத்தில் 621 என்ற எண் மட்டும் இருக்கும். ஐரோப்பியப் பாக்கெட் என்றால் ஈ621. பிரான்சிலிருந்து உறவுக்காரர்கள் கொண்டுவரும் சூப் கட்டிகளில் 'எக்ஸோஸ்தேர் து கு' என்ற சொற்களைப் பாருங்கள். சுவை கூட்டி என்பது அதுதான்.

621 இல்லை என்றதும் நிம்மதியாகிவிடுவது அடுத்த தவறு. சிப்ஸ் பாக்கெட்டில் மசாலாவின் விவரம் அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் இருக்கும். அங்கே வேறு சுவை கூட்டிகளை 627, 631 என்று ஜோடியாகவோ, இரண்டும் சேர்ந்த 635 ஆகவோ காணலாம். இவை தனியாக நின்றால் பெரிதாக வேலை செய்யாது. குளூட்டமேட்டோடு சேர்ந்தால்தான் ருசி பல மடங்கு எகிறும். ஆகவே இந்த எண்கள் இருந்து 621 இல்லை என்றால், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன், சோயா சாஸ் பொடி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். குளூட்டமேட் அந்த வழியாக வந்திருக்கும். 'எம்.எஸ்.ஜி. சேர்க்கவில்லை' என்ற வாசகம் இதை மறைத்துவிடுகிறது. 2015-ல் மேகி நூடுல்ஸ் தடை செய்யப்பட்ட விவகாரத்தில் எழுந்த கேள்விகளில் இந்த வாசகமும் ஒன்று. தடையை அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதற்காக எண்ணைக் கண்டாலே பயப்பட வேண்டாம். 330 சிட்ரிக் ஆசிட், 322 லெசித்தின்; இரண்டும் சுவை கூட்டிகள் அல்ல. சுவை கூட்டிகளில் அடிக்கடி கண்ணில் படுபவை 620 முதல் 635 வரையில் இருக்கும்.

குளூட்டமேட் விஷமும் இல்லை. 1908-ல் ஜப்பான் வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள் தக்காளியிலும் இருக்கிறது. மீனில் இயல்பாகவே இனோசினேட், அதாவது 631-ல் இருக்கும் பொருள், உண்டு. தக்காளி போட்டு வைத்த மீன் குழம்பு அப்படி இழுக்கிறதென்றால், 621-ம் 631-ம் சேர்ந்து செய்கிற அதே வேலை அந்தச் சட்டியிலும் நடக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்வது இது: வேறு உணவில்லாமல் 3 கிராமோ அதற்கு மேலோ எடுத்தால் சிலருக்குத் தலைவலி, மரமரப்பு, முகம் சிவத்தல், படபடப்பு போன்றவை லேசாக வந்து தானே போகலாம். எம்.எஸ்.ஜி. சேர்த்த உணவை ஒரு தடவை பரிமாறும் அளவில் வழக்கமாக இருப்பது அரை கிராமுக்கும் குறைவு. கரண்டியால் அள்ளிப்போடும் ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அது வேறு விஷயம். அங்கே "அஜினோ போடாதீங்க அண்ணே" என்று சொன்னாலும், சோயா சாஸிலும் மசாலாப் பொடியிலும் ஏற்கெனவே இருக்கலாம்.

என்னைக் கேட்டால், நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு எல்லாப் பழியையும் அஜினோமோட்டோ மேல் போடுவதுதான். கடலூர் சில்வர் பீச்சிலோ புதுச்சேரி பீச் ரோட்டிலோ மீன் வறுவலும் ஃபிரைடு ரைஸும் சாப்பிட்டுவிட்டு வருகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து தலை வலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. உடனே ஃபிரைடு ரைஸ் மேல் குற்றம். ஆனால் சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் போட்டு வைத்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் சேரும். வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. அறிகுறிகள் ஏறக்குறைய இதேதான். அன்றைக்கு அதே மீனைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் இப்படி ஆனதா என்று முதலில் விசாரியுங்கள்.

உதடு, நாக்கு வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, "அஜினோமோட்டோதான், மோர் குடித்தால் சரியாகிவிடும்" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. இறால், வேர்க்கடலை, முட்டை, சோயா, எதன் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம்.

லேசான தொந்தரவுதான், ஆனால் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், வெறும் வயிறா, எவ்வளவு நேரத்தில் தொடங்கியது என்று குறித்து வையுங்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தை ஃபோனில் படம் எடுத்தால் எழுதும் வேலையும் மிச்சம். அப்புறம் ஒரு சமயத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் நிறுத்துங்கள். சிப்ஸ், சூப், சாஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

யூரிக் ஆசிட் அதிகம் உள்ளவர்கள் 627, 631, 635 எண்களைத் தனியாகக் கவனிக்கலாம். அவை உடம்பில் யூரிக் ஆசிடாகத்தான் உடைகின்றன. மாத்திரைச் சீட்டைக் காட்டும்போதே டாக்டரிடம் இதையும் கேட்டுவிடுங்கள்.