தக்காளிச் செடிக்குக் கம்பு கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் கோடை மழை சும்மா வராது. நாள் முழுக்க வெயில் கொளுத்தும், நாலு மணிக்கு மேல் மலைப் பக்கம் கருக்கும், மழைக்கு முன்னாடியே புழுதியை அள்ளிக்கொண்டு காற்று வந்துவிடும். அப்படி ஒரு சாயங்காலம், காட்பாடியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஆறு தக்காளிச் செடிகள் ஒன்றாகச் சாய்ந்தன. எல்லாமே இடுப்புயரம், எல்லாவற்றிலும் பச்சைக் காய். மறுநாள் காலையில் கம்பும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து, கீரை கொண்டுவரும் அம்மா கேட்டார்: “இன்னாம்மா, செடி வுழுந்த பிறகா கம்பு நடுற?”

அந்த அம்மா கேட்டதுதான் நம்மில் பலர் செய்யும் முதல் தவறு. செடி சாயட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். தக்காளித் தண்டு தரையில் படர்வதற்கென்றே ஆனது. நிமிர்ந்து நிற்கும் பலம் அதற்கு இயல்பிலேயே கிடையாது. நட்ட ஒரு மாதத்தில் வேர் சுற்றிலும் பரவிவிடும். அதற்குப் பிறகு பக்கத்தில் கம்பை அடித்தால் வேர் அறுபடும், செடி சில நாள் துவண்டு நிற்கும், அறுந்த இடம் வழியாக வாடல் நோயும் உள்ளே போகலாம். அதனால் முதலில் கம்பை நட்டுவிடுங்கள். அதிலிருந்து நாலு விரல் தள்ளிக் குழி பறித்துக் கன்றை வையுங்கள். ஒரு சாண் கன்றுக்குப் பக்கத்தில் ஏழடிக் கம்பு நிற்பது பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கும், இருக்கட்டும். ஆடிப் பட்டத்தில் விதைத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்தச் செடிகள் காய் பிடித்துக் கனக்கும் நேரமும் ஐப்பசி மழையும் ஒன்றாக வரும்.

கம்பு வாங்கப் போகுமுன் உங்கள் செடி எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிகேஎம் 1 போன்றவை குத்துச் செடிகள். ஓர் உயரத்தோடு நின்று, பூத்துக் காய்த்து ஓயும். அவற்றுக்கு மூன்றடிக் குச்சி போதும். செர்ரி தக்காளியில் பெரும்பாலானவையும் வேறு பல நெட்டை ரகங்களும் கொடி மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறடி, ஏழடி சாதாரணம். நர்சரியில் கன்று வாங்கும்போதே “குத்துச் செடியா, உயரமா வளருமா?” என்று கேட்டுவிடுங்கள். குத்துச் செடியை நெட்டை ரகம் என்று நினைத்துப் பக்கக் கிளைகளை எல்லாம் கிள்ளிப் போடுவதும் ஒரு தவறு. அதன் காய் பெரும்பாலும் அந்தக் கிளைகளில்தான் வரும்.

நெட்டை ரகத்துக்கு ஏழடிக் கம்பு வேண்டும், அதில் ஒன்றரை அடி மண்ணுக்குள் போக வேண்டும். என் கணக்கில் சவுக்குக் கம்புதான் முதலிடம், அடுத்தது மூங்கில். இரும்புக் குழாய் உறுதியானது, ஆனால் மே மாதத்தில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது அதைக் கையால் தொட முடியாது. வேறு வழி இல்லையென்றால் தண்டு உரசும் இடங்களில் துணி சுற்றிவிடுங்கள். கடைகளில் கிடைக்கும் வட்டக் கம்பிக் கூண்டுகள் பெரும்பாலும் மூன்றடிதான். நெட்டைச் செடி அதைத் தாண்டி வளர்ந்து, விளிம்பிலேயே மடிந்து ஒடியும்.

மாடியில் வளர்ப்பவர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. க்ரோ பேக்கில் இருப்பது தேங்காய் நார்க்கழிவு கலந்த லேசான மண். அதில் கம்பை எவ்வளவு ஆழம் ஊன்றினாலும் பிடிப்பு இருக்காது. காற்றில் கம்பு, செடி, பை மூன்றும் சேர்ந்தே உருளும். இரண்டு ஓரத்திலும் கனமான கம்பம் நிறுத்தி, குறுக்கே ஒரு கயிறு இழுத்து, அதிலிருந்து செடிக்கு ஒரு சணல் கயிறு தொங்கவிடுங்கள். செடி வளர வளர நுனியை அந்தக் கயிற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே போகலாம். அதற்கு இடமில்லை என்றால் கம்பைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள்.

சரி, இப்போது முடிச்சு. கம்பு நன்றாக நட்ட பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கட்டுக்கம்பியோ நைலான் கயிறோ எடுத்துத் தண்டையும் கம்பையும் ஒரே சுற்றில் இறுக்கிவிடுவார்கள். கட்டும் நாளில் தண்டு பென்சில் கனம் இருக்கும். இரண்டு மாதத்தில் அது கட்டைவிரல் கனம் ஆகும். கயிறு விட்டுக்கொடுக்காது, தண்டுக்குள் இறங்கிவிடும். அவிழ்த்துப் பார்த்தால் கட்டுக்கு மேலே வீங்கியும், கட்டு இருந்த இடத்தில் பழுப்பு வளையமாகவும் இருக்கும். ஒரு காற்று அடித்தால் சரியாக அந்த இடத்தில் ஒடியும்.

எங்கள் வீட்டில் கிழிந்த குடியாத்தம் லுங்கியைத் தூக்கிப் போடுவதே இல்லை. இரண்டு விரல் அகலத்தில் நாடா நாடாவாகக் கிழித்து வைத்துக்கொள்வேன். நாடாவை முதலில் கம்பில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் செடியின் பாரத்தில் கட்டு வழுக்கிக் கீழே வரும். அப்புறம் இரண்டு முனைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டு, தண்டைச் சுற்றிக் கொண்டுவந்து முடிய வேண்டும். மேலிருந்து பார்த்தால் 8 போலத் தெரியும். தண்டுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். நடுவில் உள்ள அந்தக் குறுக்குப் பின்னல் இருப்பதால் காற்றில் செடி ஆடினாலும் கம்பில் உரசாது.

எந்த இடத்தில் கட்டுகிறோம் என்பதையும் பாருங்கள். இலைக் காம்பு தண்டிலிருந்து பிரியும் இடத்துக்கு நேர் கீழே கட்டினால், அந்தக் காம்பு துணியின் மேல் உட்கார்ந்துகொள்ளும், செடி நழுவாது. பூங்கொத்துக்குக் கீழே கட்டினால் காய் பெருத்ததும் கொத்தின் காம்பு கட்டின் மேல் மடங்கி ஒடியும். ஒவ்வொரு முக்கால் அடிக்கும் ஒரு கட்டு, வாரம் ஒரு முறை பார்வை. காலையில் தண்டு நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும், வளைத்தால் படக்கென்று ஒடிந்துவிடும். சாயங்காலம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்போது கட்டுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது மட்டும் தொடாதீர்கள், நோய் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கைவழியாகப் போகும்.

கை என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் தெருக்கள் உண்டு. புகையிலையில் இருக்கும் தேமல் வைரஸ் தக்காளியையும் தாக்கும், அது கையிலேயே ஒட்டிக்கொண்டு வரும். பீடி சுற்றிய கையோடு, பிடித்த கையோடு செடியைக் கிள்ளவோ கட்டவோ கூடாது. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுப் போங்கள்.

நெட்டை ரகத்தில் இலைக் கக்கத்தில் வரும் துளிர்களைக் கிள்ளத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எந்தக் கம்பும் அந்தப் பாரத்தைத் தாங்காது. ஆனால் பசுமைக்குடிலில் வளர்ப்பவர்களைப் பார்த்து, ஒரே தண்டை விட்டு இலைகளையும் மொட்டையடித்தால் நம் வெயிலில் காய் வெந்துபோகும். வெயில் படும் பக்கம் வெளுத்து, காகிதம் மாதிரி ஆகிவிடும். இரண்டு தண்டு விடுங்கள், காய்க்கு மேலே இருக்கும் இலையைத் தொடாதீர்கள். தரையைத் தொடும் அடி இலைகளை மட்டும் எடுத்தால் போதும்.

அதையும் மீறிச் செடி மடங்கிவிட்டால் உடனே பிடுங்கிப் போடாதீர்கள். முழுக்க அறுபடாமல் தோல் பிடித்துக்கொண்டிருந்தால், நிமிர்த்தி, ஈர்க்குச்சியை அணைத்து வைத்துத் துணியால் சுற்றுங்கள். பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். என் ஆறில் நான்கு அப்படித்தான் பிழைத்தன. ஒடிந்து விழுந்த நுனிகளைத் தண்ணீரில் போட்டு வைத்தேன், சில நாளில் வேர் விட்டன. இந்த முறை கம்பை நட்டுவிட்டுத்தான் அவற்றை மண்ணில் வைத்தேன்.