மாடி மரத்துக்கும் தெருவாசல் கதவுக்கும் ஆயில் ஸ்டெயின்: எதை வாங்கணும், எப்படி அடிக்கணும்

ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் கடலை ஒட்டி இருக்கிறவங்களுக்கு இது புதுசு இல்ல, வெளில போட்ட மரம் எவ்ளோ ஒசத்தியா இருந்தாலும் கொஞ்ச நாள்ல நரைச்சுப் போயிடும். பழைய பர்மா தேக்குக் கதவும் அப்படித்தான், மாடியில போட்ட பெஞ்சும் அப்படித்தான். இப்போ நெறைய பேரு மாடியில ஒரு ஓரமா பலகை அடிச்சு டெக் போடுறாங்க, ஊஞ்சல் மாட்டுறாங்க, துறைமுகத்துலேர்ந்து சரக்கோட வர்ற பைன் பேலட்டை ஒடைச்சு சோபா பண்றாங்க. எல்லாத்தையும் பாத்துப் பாத்துப் பண்ணிட்டு கடைசில பெயின்டர் கிட்ட "வார்னிஷ் ஒரு கோட்டு இழுத்து வுட்ருப்பா"ன்னு சொல்லிடுறாங்க, பேஜாரு அங்கதான் ஆரம்பிக்குது.

வார்னிஷ், டச்வுட், பியூ (பாலியூரிதேன் பாலிஷ்) எல்லாமே மரத்து மேல ஒரு தோல் மாதிரி படியுற சரக்கு. வீட்டுக்குள்ள அது அழகு. வெளில மரம் வெயில்ல சுருங்கும், மழையில உப்பும், அந்தத் தோலால அது கூடவே நெளிய முடியாது, எங்கயாவது முடி மாதிரி ஒரு வெடிப்பு விடும், அது வழியா உள்ள போன தண்ணி வெளிய வர முடியாம உள்ளயே நிக்கும், அப்புறம் வெள்ளை வெள்ளையா பூத்து பக்கு பக்கா உரிஞ்சுக்கும். திரும்ப அடிக்கணும்னா மொத்தத்தையும் சுரண்டி எடுக்கணும். வெளிப்புறத்துக்குன்னே வர்ற நல்ல பியூவும் இருக்கு, போர்டிகோ நிழல்ல இருக்கிற கதவுக்கு அது ஓகேதான், ஆனா மொட்டை மாடி வெயில்ல கிடக்கிற பலகைக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆயில் ஸ்டெயின் அப்படி இல்ல. ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய் (அதுவும் ஒரு மரத்து விதை எண்ணெய்தான்), இல்லன்னா அல்கைட் ரெசின், இதுல ஏதோ ஒண்ணை டர்பன்டைன் மாதிரி ஒரு கரைப்பான்ல கலந்து கூட நிறத்தூளும் போட்டு வரும். மரத்து நாருக்குள்ள இறங்கி அங்கயே காஞ்சுடும். மேல தோல் இல்லாததால உரியறதுக்கும் ஒண்ணும் இல்ல, வெளுக்க மட்டும்தான் செய்யும், வெளுத்தா கழுவிட்டு இன்னொரு கோட்டு, அவ்ளோதான் வேலை.

ஸ்டெப் 1: கடையில சரியான டப்பாவைக் கேட்டு வாங்குறது

இதுலதான் புதுசா பண்றவங்க முக்கால்வாசி பேரு மாட்டிக்குறாங்க. கடையில போய் "அண்ணே, மரத்துக்கு வெளில அடிக்கிற ஸ்டெயின் குடுங்க"ன்னா, "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, இத்த அடிச்சுட்டு மேல பாலிஷ் போட்டுக்கோ"ன்னு ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைப்பாரு. அது பெரும்பாலும் பர்னிச்சருக்கு நிறம் மட்டும் குடுக்குற இன்டீரியர் ஸ்டெயின். அதுக்குத் தனியா தண்ணியைத் தள்ளுற சக்தி கிடையாது, மேல மெலமைன் பாலிஷோ பியூவோ அடிச்சாத்தான் நிக்கும், மெலமைன் வெளிப்புறத்துக்கு ஆகவே ஆகாது. அதனால டப்பாவைக் கையில வாங்கித் திருப்பிப் படிங்க, கடைக்காரரு மொறைச்சாலும் பரவாயில்ல.

எக்ஸ்டீரியர்னு தெளிவா இருக்கணும். டெக்குக்கு வாங்குறீங்கன்னா டெக் இல்லன்னா ப்ளோர்னும் இருக்கணும், ஏன்னா வேலிக்கும் கதவுக்கும் மட்டும்னு வர்ற சரக்கு கால் பட்டா தாங்காது. மேல டாப்கோட் அடிக்கணும்னு போட்டிருந்தா அது நமக்கு வேணாம். யூவி பாதுகாப்பு எழுதியிருக்கான்னு பாருங்க. அதை விட முக்கியமா பூஞ்சைத் தடுப்பு மருந்து சேத்திருக்கான்னு பாருங்க. ஆளிவிதை எண்ணெய் பூஞ்சைக்கு நல்ல தீனி, நம்ம ஊரு ஈரக்காத்துல வெறும் எண்ணெயை அடிச்சு வுட்டா கறுப்பு கறுப்பா புள்ளி விழுந்து கலீஜா ஆயிடும். "ஆளிவிதை எண்ணெயில டர்பன்டைன் கலந்து அடி, அதுவே போதும்"னு சொல்றவங்க பேச்சை நான் இதுக்குத்தான் கேக்க மாட்டேன், உள்ளறை மேசைக்கு அது சரி, மாடிக்கு இல்ல.

இன்னொண்ணு, வண்டிலேர்ந்து எறக்குன வேஸ்ட் ஆயிலை மரத்துல பூசுற பழக்கம் நம்ம பக்கம் இன்னும் இருக்கு. அந்தக் காலத்துல படகுக்கு மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசுனாங்க, அது கதையே வேற. இன்ஜின் ஆயில் காயவே காயாது, ஒக்காந்தா வேட்டியில ஒட்டும், அதுல உலோகக் கழிவும் புற்றுநோய் வரவைக்கிற சமாச்சாரமும் இருக்கு, கொழந்தைங்க கை வைக்கிற எடத்துல வேணவே வேணாம்.

ஸ்டெப் 2: எவ்ளோ நிறம் வேணும்னு முடிவு பண்றது

தேக்கா ரோஸ்வுட்டான்னு ஷேடைப் பாத்து வாங்குறாங்க. அதுக்கு முன்னாடி நிறம் எவ்ளோ அடர்த்தின்னு பாக்கணும். மரம் நரைக்கிறதுக்குக் காரணம், சூரியனோட யூவி கதிர் மரத்துல நாரை ஒட்டிப் புடிச்சு வச்சிருக்கிற லிக்னினை ஒடைக்குது, ஒடைஞ்சதை மழை கழுவிட்டுப் போகுது, மிச்சம் இருக்கிற நார்தான் சாம்பலா தெரியுது. அந்தக் கதிரைத் தடுக்குறதுல பெரிய பங்கு ஸ்டெயின்ல இருக்கிற நிறத்தூளுக்கு. அதனால நிறமே இல்லாத கிளியர் ஆயில் தண்ணியைத் தள்ளுமே தவிர வெயிலை ரொம்ப நாள் தடுக்காது. சித்திரை வைகாசி வெயில்ல கிடக்கிற பலகைக்கு கிளியர் அடிச்சா வருஷா வருஷம் திரும்ப அடிக்கணும், சில எடத்துல அதுக்கும் முன்னாடியே.

செமி டிரான்ஸ்பரன்ட்ல நிறமும் இருக்கும், மரத்தோட ரேகையும் தெரியும். மாடி டெக், பெஞ்சு, ஊஞ்சப் பலகை, கேட்டு, எல்லாத்துக்கும் என் ஓட்டு இதுக்குத்தான். ரெண்டு வருஷம் தாங்கும்னு எதிர்பாக்கலாம், நேர் வெயில்ல கொஞ்சம் கம்மியா. சாலிட் ஸ்டெயின்னா ரேகையையே மறைச்சுடும், பாக்க பெயின்ட் மாதிரிதான் இருக்கும். யூவிக்கு அதுதான் பலம், ஆனா மேல படிஞ்சு நிக்கிறதால கால் நடமாடுற தரையில உரியும். பழைய, கறை புடிச்ச கைப்பிடி, வேலி, ஜன்னல் சட்டம் இதுக்கெல்லாம் சாலிட் போட்டுக்கலாம்.

ஷேடுக்கு வந்தா, மாடித் தரைக்கு ரொம்ப டார்க்கா போகாதீங்க. வடகம் காயப் போட, துணி காயப் போட செருப்பில்லாம மேல போறவங்க நாம, டார்க் பலகை மத்தியானத்துல காலைப் பொசுக்கிடும். நடுத்தர பிரவுன் போதும். கடையில இருக்கிற ஷேடு கார்டை நம்பாம, மிச்சம் இருக்கிற அதே மரத்துண்டுல அடிச்சுப் பாருங்க, ஒரே டப்பா தேக்குல ஒரு மாதிரி தெரியும், பைன்ல வேற மாதிரி தெரியும்.

ஸ்டெப் 3: உங்க மரம் எதுன்னு தெரிஞ்சுக்கிறது

தேக்குல இயற்கையாவே எண்ணெய் இருக்கு, அதனால ஸ்டெயின் லேசுல இறங்காது, காயவும் நேரம் எடுக்கும். அடிக்கிறதுக்கு முன்னாடி தின்னர் நனைச்ச துணியால ஒரு தடவை தொடைச்சுட்டு, அது பறந்ததும் மெல்லிசா அடிங்க. வேங்கை மாதிரி கெட்டி மரத்துக்கும் மெல்லிசுதான். பைன் நேர் எதிரு, குடிச்சுட்டே இருக்கும், ஒரு எடத்துல ஜாஸ்தி ஒரு எடத்துல கம்மின்னு திட்டு திட்டா வேற குடிக்கும். பேலட் மரம்னா அதுல கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும், பக்கத்துல ஹெச்.டி.ன்னு (HT) இருந்தா சூடு பண்ணிப் பதப்படுத்தினது, எடுத்துக்கலாம். எம்.பி.ன்னு (MB) இருந்தா மெத்தில் புரோமைடு வாயு காட்டினது, வீட்டுக்கு வேணாம்.

ஸ்டெயின் கரையானுக்கு மருந்து கிடையாது. பைன் மாதிரி மரத்துக்கு கரையான் மருந்து தனியா அடிச்சு, அது நல்லா காஞ்சதுக்கு அப்புறம்தான் ஸ்டெயின்.

ஸ்டெப் 4: நாள் பாக்குறது

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதே மரத்துக்கும் அடிச்சுடலாம்னு எல்லாருக்கும் தோணும். வேணாம். வடகிழக்கு மழை அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் அடிச்சு ஊத்தியிருக்கும், மரம் வெளில காஞ்சா மாதிரி தெரிஞ்சாலும் உள்ள ஈரம் இருக்கும், மார்கழிப் பனி வேற விடியக்காலையில மாடி பூரா எறங்கியிருக்கும். போகிப் புகையும் கரியும் ஈர ஸ்டெயின் மேல ஒக்காந்தா என்ன ஆகும்னு சொல்லவே வேணாம். தை கடைசி, மாசி, பங்குனி, இதுதான் தோதான காலம். ஈரம் அளக்குற மீட்டர் ஆன்லைன்ல கெடைக்குது, 15 சதவீதத்துக்குக் கீழ காட்டுனா தைரியமா ஆரம்பிக்கலாம்.

ஸ்டெப் 5: மரத்தைத் தயார் பண்றது

மொதல்ல நல்ல தண்ணியில கழுவுங்க. நல்ல தண்ணின்னு அழுத்திச் சொல்றேன், நம்ம பக்கம் நெறைய வீட்டு போர் தண்ணி உப்பு, அதுல கழுவுனா இருக்கிற உப்போட இன்னும் உப்புதான் சேரும். கடற்கரை உப்பும், எண்ணூர் பக்கம்னா அனல்மின் நிலையச் சாம்பலும், லாரித் தூசியும் நாருக்குள்ள போயிருக்கும், சோப்புத்தண்ணி போட்டு ரேகை போற பக்கமாவே பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவி, கூட ரெண்டு தடவை அலசுங்க. ஆணியைச் சுத்தி கறுப்பா கறை இருந்தா அது இரும்பும் மரமும் சேந்து வர்ற கறை, ஆக்ஸாலிக் ஆசிட் பவுடரைத் தண்ணியில கரைச்சுத் தடவுனா போகும். கிளவுஸ், கண்ணாடி போட்டுக்கோங்க, அது விஷம், முடிஞ்சதும் நல்லா அலசிடுங்க. அப்படியே அந்த இரும்பு ஆணியைப் புடுங்கிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்க.

பழைய வார்னிஷ் இருந்தா மொத்தமா எடுக்கணும், இதுல குறுக்கு வழி இல்ல, தோல் இருக்கிற எடத்துல எண்ணெய் உள்ள போகாது. ரெண்டு மூணு நாள் காயவிட்டு 80 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேயுங்க, கைப்பிடி பெஞ்சுக்கு மட்டும் 120. தரையை அதுக்கு மேல வழவழன்னு ஆக்கக் கூடாது, துவாரம் அடைஞ்சு ஸ்டெயின் உறிஞ்சாது.

இப்போ ஒரு டெஸ்ட். பலகை மேல ரெண்டு சொட்டு தண்ணி விட்டுட்டுப் பாருங்க. மரம் ரெடின்னா சொட்டு அகண்டு, ஓரம் கறுத்து, சில நிமிஷத்துல உள்ள இறங்கிடும். முத்து முத்தா மேலயே நின்னா பழைய வார்னிஷ் மிச்சம் இருக்கு, இல்ல பழைய எண்ணெய் இருக்கு, இல்ல மரம் ரொம்ப வழவழன்னு இருக்கு, திரும்பத் தேய்க்கணும். பலகையில நாலு எடத்துல விட்டுப் பாருங்க, ஒரே எடத்தை நம்பாதீங்க.

ஸ்டெப் 6: அடிக்கிறது

எவ்ளோ வாங்கணும்னா, ஒரு லிட்டர் தோராயமா 50லேர்ந்து 80 சதுர அடி வரும், சொரசொரப்பான மரம்னா கம்மியாத்தான் வரும். 10க்கு 8 அடி டெக்குன்னா மேல்பக்கம் மட்டும் 80 சதுர அடி, மொத கோட்டுக்கு ஒண்ணரை லிட்டர் வச்சுக்கோங்க, டப்பாவுல போட்டிருக்கிற கணக்கையும் பாத்துக்கோங்க. புதுசா டெக் போடுறீங்கன்னா பலகையைப் பொருத்துறதுக்கு முன்னாடியே அடிப்பக்கத்துக்கும் ஒரு கோட்டு குடுத்துடுங்க, அறுத்த முனைக்கு ரெண்டு கோட்டு, தண்ணி ஜாஸ்தியா குடிக்கிறது அந்த முனை வழியாத்தான்.

பனி காஞ்ச காலை நேரம், இல்ல வெயில் சாஞ்ச சாயங்காலம். சாயங்காலம் அடிக்கிறீங்கன்னா ராத்திரி பனி விழாத நாளா பாருங்க. உச்சி வெயில்ல பலகை தொட்டா சுடும், அதுல அடிச்சா ஸ்டெயின் உள்ள இறங்குறதுக்குள்ள மேலயே காஞ்சுடும். டப்பாவை அடி வரைக்கும் குச்சி விட்டுக் கலக்குங்க, நிறத்தூள் அடியிலதான் ஒக்காந்திருக்கும், நடுநடுவுலயும் கலக்கிட்டே இருங்க. ரெண்டு மூணு டப்பா இருந்தா எல்லாத்தையும் ஒரு பக்கெட்டுல ஊத்தி ஒண்ணாக்கிடுங்க, ஷேடு மாறாது.

பிரஷ்தான் நல்லது, ரோலர்ல அடிச்சாலும் பின்னாடியே பிரஷ்ஷால இழுத்து விடணும். ஒரு பலகையை இந்த முனையில ஆரம்பிச்சா அந்த முனை வரைக்கும் ஒரே மூச்சுல முடிக்கணும், பாதியில போன் வந்துச்சுன்னு எழுந்து போனீங்கன்னா காஞ்ச எடமும் ஈர எடமும் சேர்ற எடத்துல டார்க்கா ஒரு கோடு விழும், அது அப்புறம் போகாது. அடிச்சு 10, 15 நிமிஷம் கழிச்சு உறிஞ்சாம மினுமினுன்னு நிக்கிறதைத் துணியால தொடைச்சு எடுத்துடுங்க. காசு குடுத்து வாங்குனதைத் தொடைக்கிறதான்னு அப்படியே விட்டா, நாள் கணக்கா பிசுபிசுன்னு இருக்கும், பறக்குற தூசியெல்லாம் அதுல ஒட்டும். ரெண்டாவது கோட்டு எப்போன்னு டப்பா சொல்றதைக் கேளுங்க, சிலது மொத கோட்டு காயறதுக்குள்ளயே அடிக்கணும், சிலது மறுநாள். மரம் குடிக்கலன்னா ரெண்டாவது கோட்டே வேணாம். ஒரு நாள் பூரா யாரும் கால் வைக்கக் கூடாது, நாற்காலி, தொட்டியெல்லாம் தூக்கி வைக்க மூணு நாள் ஆகட்டும்.

ஸ்டெப் 7: அந்தத் துணி

தயவுசெஞ்சு இதை மட்டும் லேசா எடுத்துக்காதீங்க. ஆளிவிதை, டங் மாதிரி எண்ணெய் காயும்போது காத்துல இருக்கிற ஆக்ஸிஜனோட சேந்து சூடு கெளப்பும். தொடைச்ச துணியை உருண்டையா கசக்கி மூலையில போட்டா அந்தச் சூடு வெளிய போக முடியாம ஏறிட்டே போய், யாரும் தீ வைக்காமலே தானா பத்திக்கும். நம்ம சந்துல வீடும் வீடும் ஒட்டிக்கிட்டு இருக்கிற எடத்துல இது வெளையாட்டு இல்ல. ஒவ்வொரு துணியையும் விரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு போடாம, வெளில தரையில காயப் போடுங்க, இல்லன்னா தண்ணி நிறைச்ச இரும்பு பக்கெட்டுல முக்கி மூடி வைங்க. மொடமொடன்னு காஞ்சதுக்கு அப்புறம் குப்பையில போடலாம். உப்புத்தாள் போட்ட தூளும் எண்ணெயும் கலந்த குப்பைக்கும் இதே கதைதான். பிரஷ் கழுவுன டர்பன்டைனை சாக்கடையில ஊத்தாதீங்க, மூடி வச்சா கசடு அடியில தங்கிடும், மேல தெளிஞ்சதை அடுத்த வாட்டி யூஸ் பண்ணிக்கலாம்.

அப்புறம் பராமரிப்பு

உப்புக்காத்து அடிக்கிற எடம்னா மாசம் ஒரு தடவை நல்ல தண்ணி ஊத்தி அலசி விட்டாலே போதும். பூந்தொட்டியை மரத்து மேல நேரா வைக்காம கீழ குட்டிக் கால் குடுங்க. வருஷா வருஷம் புரட்டாசியில, மழைக்கு முன்னாடி, அந்தத் தண்ணிச் சொட்டு டெஸ்ட்டைத் திரும்பப் பண்ணுங்க. சொட்டு முத்தா நின்னா ஒண்ணும் செய்ய வேணாம். சட்டுனு உள்ள இறங்குச்சுன்னா, நாலு நாள் வெயில் தொடர்ச்சியா காயறப்ப கழுவிக் காயவச்சு, அதே டப்பா சரக்குலயே மெல்லிசா ஒரு கோட்டு குடுங்க, சுரண்டுற வேலையே இருக்காது. அதுக்காக டப்பாவோட லேபிளை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, மறுவருஷம் கடையில போய் "அந்த பிரவுன் கலர் ஒண்ணு"ன்னு கேட்டா பத்து பிரவுன் எடுத்து வைப்பாங்க.