கேம்பர் வேனை மட்டமாக நிறுத்துவது எப்படி

கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பில் கேம்பர் வேனை, அதாவது உள்ளேயே தூங்கிச் சமைக்கிற வண்டியை, நிறுத்தியதும் ஜாக்கியைத் தேடாதீர்கள், அது கடைசி வேலை. உழுத செம்மண் காய்ந்திருக்கும்போது கெட்டியாகத்தான் தெரியும், ராத்திரி ஒரு மழை அடித்தால் ஜாக்கி உள்ளே புதைந்துவிடும். டிராக்டர் போய்வந்து இறுகிய தடத்தை ஒட்டி நிறுத்துங்கள். ஒகேனக்கல் பக்கம் என்றால் ஆற்று மணலே வேண்டாம், கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்தால் காவிரி திடீரென ஏறும்.

அப்புறம், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வண்டிக்குள் தரையில் குறுக்காக வையுங்கள். குமிழி ஓடும் பக்கம் மேடு. எதிர் நுனிக்கு அடியில் குமிழி நடுவுக்கு வரும்வரை அட்டைத் துண்டுகளைச் செருகி, அந்தத் தடிமனை அளந்துகொள்ளுங்கள். ரசமட்டம் 60 செ.மீ., இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 180 செ.மீ., அட்டை 1 செ.மீ. என்றால், தாழ்ந்த பக்கத்து முன் பின் சக்கரங்களுக்கு 3 செ.மீ. பலகை போட்டு ஏற்றினால் சரி. பின்னால் ஜோடி டயர் இருந்தால் பலகை இரண்டையும் தாங்க வேண்டும். நீளவாக்கிலும் இதே கணக்குதான். பலகை முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் ஜாக்கி. சேசிஸில்தான், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில்தான், முட்டுக் கொடுக்க வேண்டும், தரைத் தகட்டில் கொடுத்தால் ஓட்டை விழும். அடியில் தடித்த பிளைவுட் துண்டு வையுங்கள். நம் ஊரில் கருங்கல் பலகைத் துண்டு சும்மா கிடக்கும்தான், ஆனால் கல்மேல் இரும்பு வழுக்கும், அதனால் கல் வைத்தாலும் மேலே மரம் வேண்டும். முன்பக்க ஜாக்கி இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி ஏற்றுங்கள், பின்பக்கமும் அப்படியே. ஒரு மூலையை மட்டும் தூக்கினால் பாடி முறுக்கும், கதவு இறுக்கிப் பிடிப்பதிலேயே தெரிந்துவிடும்.

சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பவே கூடாது. பெரும்பாலான வேன்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், அது தூக்கிக்கொண்டால் வண்டி உருளும். எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் பாட்டில் ஜாக்கி ராத்திரியில் மெல்ல இறங்கக்கூடும், திருகு ஜாக்கி நிற்கும். எது போட்டிருந்தாலும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் இருந்தால் மட்டம் சரியான பிறகே போடுங்கள், சாய்வில் ஓடினால் கெட்டுப்போகும். வண்டிச் சாவியை ஜாக்கிக் கைப்பிடியோடு கட்டி வைத்துவிட்டால், காலையில் ஜாக்கியை இறக்காமல் யாரும் வண்டியை எடுக்க முடியாது.