எந்த வாதம் இது? கிளினிக் போகுமுன் வீட்டில் பார்க்க வேண்டியவை

திருகோணமலையில் விரல் வீங்கினாலும் நாரி (கீழ் முதுகு) பிடித்தாலும் பெயர் ஒன்றுதான்: வாதம். தைலம் பூசிக்கொண்டு கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போய்வருவோரும் உண்டு. சுடுநீர் இறுக்கத்தைச் சற்று இளக்கும். எந்த வாதம் என்று சொல்லாது. நோயைத் தீர்மானிப்பது வைத்தியரின் வேலை, தடயம் சேர்ப்பது நம் வேலை.

ஒரே ஒரு மூட்டு திடீரெனச் சிவந்து கொதித்து, காய்ச்சலும் இருந்தால் கீழே உள்ள எதையும் செய்துகொண்டிருக்க வேண்டாம். அது கிருமித் தொற்றாக இருக்கலாம்; அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

படி 1: காலை இறுக்கம். எழுந்ததும் விரல்களை மடக்கிப் பாருங்கள். இளக அரை மணிக்கு மேலாகி, மூட்டும் வீங்கியிருந்தால் அழற்சியை, அதாவது உள்ளே கனன்று வீங்கும் நோயை, சந்தேகிக்கலாம். சில நிமிடங்களில் இளகி, வேலை செய்யச் செய்ய வலி கூடினால் பெரும்பாலும் தேய்மானம்.

படி 2: கைப்படம். தாளில் இரு கைகளையும் வைத்துக் கோடிழுத்து, வீங்கிய மூட்டுகளில் புள்ளி வையுங்கள். எனக்கு இதுதான் மிகவும் பயனுள்ள படி. முடக்குவாதம் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு வாதம்) மணிக்கட்டையும், விரல் தொடங்கும் மூட்டையும், நடு மூட்டையும் பிடிக்கும். பெரும்பாலும் இரு கைகளிலும். நகத்தை ஒட்டிய நுனி மூட்டை வழக்கமாக விட்டுவிடும். சொரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல் நோயோடு சேர்ந்து வரும் சொரியாசிஸ் மூட்டுவாதம் அந்த நுனி மூட்டையும் விடாது. ஒரு கையில் இரண்டு விரல், மறு காலில் ஒரு விரல் என்று ஒழுங்கில்லாமல் வரும். சில வேளை ஒரு விரல் முழுவதும் கதலிப்பழம் போல உப்பிவிடும். ஆனால் முடக்குவாதத்தை அப்படியே நடித்துக் காட்டும் சொரியாசிஸும் உண்டு. அதனால் அடுத்த படி.

படி 3: தோலும் நகமும். காதின் பின்புறம், தலைமயிருக்குள், முழங்கை, தொப்புள், பிட்டப் பிளவு. பொடுகென்று பல காலம் எண்ணியிருந்தது சொரியாசிஸாக இருக்கலாம். நகத்தில் ஊசி குத்தியது போன்ற குழிகள் உள்ளனவா, நகம் சதையிலிருந்து கழன்று நிற்கிறதா? சிலருக்குத் தோலுக்கு முன்பே மூட்டு வீங்கிவிடும். எனவே குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்றும் கேளுங்கள்.

படி 4: நாரியும் குதிக்காலும். 45 வயதுக்கு முன் தொடங்கி, பின்னிரவில் எழுப்பி, நடந்தால் குறையும் நாரி நோவு முள்ளந்தண்டு அழற்சியைக் காட்டும். முடக்குவாதம் நாரியை அநேகமாகத் தொடாது. குதிக்கால் நோவையும், கண் சிவந்து வலித்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.

படி 5: முன்பு வந்த நோய். 2006இல் கிழக்கையும் வடக்கையும் முடக்கிய சிக்குன்குனியா நினைவிருக்கும். அந்தக் காய்ச்சல் விட்டபின் மாதக்கணக்கில் நீடிக்கும் வீக்கம் முடக்குவாதம் போலவே தெரியும். வயிற்றோட்டமோ சிறுநீர்த் தொற்றோ வந்து சில வாரங்களில் முழங்கால் வீங்கினால் அது வேறு வகை. நள்ளிரவில் கால் பெருவிரல் கொதித்தால் யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதத்தை (கவுட்) நினையுங்கள். தாக்கும் நேரத்தில் இரத்தத்தில் அந்த அமிலத்தின் அளவு இயல்பாகவும் இருக்கலாம்.

படி 6: இரத்த அறிக்கை. இதைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றுதான். ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி என்ற இரத்தப் பரிசோதனைகள் இரண்டும் அழற்சி இருப்பதைச் சொல்லுமே தவிர, எந்த நோய் என்று சொல்லமாட்டா. முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் நோயில்லாத முதியவர்களிலும் காணப்படும். முடக்குவாதம் உள்ள சிலரில் காணப்படாது. அதற்கே பார்க்கும் இன்னொரு பரிசோதனையான அன்ரி சி.சி.பி. கூடுதல் நம்பகமானது.

இவ்வளவு பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் மருந்து. மெதோட்ரெக்சேட் முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸ் மூட்டுவாதத்துக்கும் தரப்படும், வாரம் ஒருமுறை மட்டும். முள்ளந்தண்டு அழற்சிக்கு அது உதவாது. மருந்துக்கடையில் தாமாக வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தும்போது சொரியாசிஸ் சீறி எழக்கூடும். ஏற்கெனவே விழுங்கியவற்றின் அட்டைகளையும் கைப்படத்தோடு கொண்டுபோங்கள்.