சின்ன வீட்டில் சாமான் அடுக்கும்போது நாம் விடுகிற பிழைகள்

மாரி முடிந்து தை மாதக் கடைசியில் வெயில் கண்டதும், அம்மாவின் கட்டிலுக்குக் கீழே இருந்த மட்டைப்பெட்டியை இழுத்தேன். பெட்டி வரவில்லை. மேல்மூடி மட்டும் கையோடு வந்தது. அடிமட்டை சீமெந்துத் தரையில் ஒட்டிக் கூழாகக் கிடந்தது. கட்டில் காலில் சுண்டுவிரல் தடிப்பில் ஒரு மண்கோடு ஏறியிருந்தது. கறையான். உள்ளே அம்மாவின் கூறைச்சேலை, மூத்தவனின் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள், சின்னவளின் பழைய கொப்பிகள். சேலைக் கரை நெடுகக் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

"மறுகா எடுத்து வைப்பம் எண்டுதான் புள்ள வெச்ச நான்" என்றார் அம்மா. பிறகு ஒன்றும் பேசவில்லை. சேலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

அந்த மாரியில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவேயில்லை. தரைக்குள் ஊறிய ஈரம் ஒன்றே இத்தனையையும் செய்துவிட்டது.

எங்களுடையது மட்டக்களப்பில் திராய்மடுப் பக்கம், சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு. 500 சதுர அடி. அந்த நேரம் நிரந்தர வீடுகளுக்கு ஆகக்குறைந்த அளவாக வைத்தது அதைத்தான். பிறகு வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் 550 சதுர அடி. காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் ஐந்தாறு பேர்ச் காணிக்குள் இரண்டு குடும்பம் இருப்பதும் உண்டு. ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடிதான். மருதமுனையில் தறி போட்ட வீடென்றால் அந்தத் தறிக்கே ஒரு அறை போய்விடும்.

இதோடு நம் ஊர் வழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. மகளுக்குக் கலியாணமானதும் தாயும் தகப்பனும் பின்னறைக்கோ குசினிப் பக்கமோ ஒதுங்குகிறார்கள். ஆட்கள் ஒதுங்கலாம், அவர்களின் சாமான் எங்கே ஒதுங்கும்? தாயின் சீதனக் குடம், வட்டா, தாம்பாளம், குத்துவிளக்கு எல்லாம் வீட்டில்தான். மகளுக்கு வந்த சட்டி பானை, கோப்பை செட்டும் அதே வீட்டில்தான். இரண்டு தலைமுறைச் சாமான் ஒரே கூரையின் கீழ் நிற்கிறது. இடமில்லை என்று ஒரு பெண் சொன்னால், அவளுக்கு வீடு நிர்வகிக்கத் தெரியாது என்று யாரும் நினைக்கக் கூடாது.

பிரச்சினை, நாம் தேடிப் போகிற யோசனைகளில் இருக்கிறது. யூடியூபில் காட்டுகிற கட்டிலடிப் பெட்டியும் காற்றை உறிஞ்சிச் சுருக்குகிற பையும் காய்ந்த ஊர்களுக்குப் பொருந்தும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில்தான் கொட்டுகிறது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். இங்கே சாமான் வைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஈரத்தை. இடம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே முதற்பிழை, தரையைச் சேமிப்பிடமாக நினைப்பது. கட்டிலடியை விட்டால் வேறு இடமில்லை என்பவர்கள் அங்கே மட்டைப்பெட்டி வைக்க வேண்டாம். மட்டை ஈரத்தைக் குடிக்கும், கறையானுக்கும் அதுதான் விருப்பமான சாப்பாடு. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியை இரண்டு செங்கல்லும் ஒரு பலகையும் போட்டு மேலே ஏற்றுங்கள். கட்டிலின் நாலு காலையும் மாதம் ஒருமுறை டோர்ச் அடித்துப் பாருங்கள். மண்கோடு தெரிந்தால் அதை மட்டும் தட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது. அது எங்கிருந்து ஏறுகிறது என்று தரை வெடிப்பு வரை பின்தொடர்ந்து பார்த்து மருந்தடிக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பெட்டி வாங்கியவர்கள் செய்கிற பிழை வேறு. மழை நாளில் கொடியில் அரைகுறையாகக் காய்ந்த துணியை மடித்து, அதே பெட்டிக்குள் போட்டு இறுக மூடுவார்கள். வெளி ஈரம் உள்ளே போகாது என்பது சரி. உள்ளே போன ஈரமும் வெளியே வராதே. பூஞ்சணத்துக்கு அதைவிட வசதியான இடமில்லை. கார்த்திகை, மார்கழியில் பெட்டிக்குள் எதையும் புதிதாக வைக்காதீர்கள். மாசி வெயிலில் முழுநாள் காயவிட்டு, துணியின் சூடு ஆறிய பிறகு மூடுங்கள். பட்டுச்சேலையைக் கடையில் தந்த பொலித்தீன் பையோடு வைக்க வேண்டாம். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, வருடத்துக்கு இரண்டு முறையாவது மடிப்பை மாற்றுங்கள். அம்மாவின் சேலைக்கு நான் இதைச் செய்யத் தொடங்கியது காலம் பிந்தித்தான்.

அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைப்பதும் இதே வகைப் பிழைதான், அதுவும் மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவரோடு. மூன்று விரல் இடைவெளி விட்டால் காற்று ஓடும். தூள்மரத்தை அழுத்திச் செய்த பலகை அலுமாரிகள் மலிவுதான், ஆனால் காலடியில் ஒருமுறை தண்ணீர் பட்டால் ஊதிப்போகும், பிறகு கதவு மூடாது. இரும்பு அலுமாரி உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்றாலும் வருடம் ஒருமுறை காலுக்குப் பெயின்ட் அடித்தால் நின்று பிடிக்கும். என் கைக்கு வந்த காசில் இரண்டில் ஒன்றைத்தான் வாங்கலாம் என்றால் இரும்பைத்தான் வாங்குவேன்.

தரையை விட்டால் மிஞ்சுவது சுவர். பத்தடிக்குப் பத்தடி அறையில் கதவு, யன்னல் தலைமட்டத்தில் மூன்று சுவரிலும் ஓரடி அகலப் பலகை அடித்தால் கிட்டத்தட்ட 28 சதுர அடி கிடைக்கும். ஒற்றைக் கட்டில் ஒன்று பிடிக்கிற இடத்தைவிட இது கூட. பித்தளைச் சாமான், வருடத்தில் ஒருமுறை எடுக்கிற பொங்கல் பானை, பெரிய சட்டி எல்லாம் அங்கே போகலாம். ஆனால் நாலு அங்குலக் கல் சுவரில் வெறும் ஆணியை அடித்துப் பலகையை ஏற்றுகிறார்களே, அது பயங்கரம். பொந்துக்கல் என்றால் ஆணிக்குப் பிடிமானமே இல்லை. துளைத்து, பிளக் வைத்து, எல் வடிவ இரும்பை ஸ்க்ரூவால் முடுக்க வேண்டும். முடிந்தால் யன்னலுக்கு மேல் ஓடும் கொங்கிரீட் லின்டலில் முடுக்குங்கள். எவ்வளவு உறுதியாக அடித்தாலும் பிள்ளைகள் தலை வைத்துப் படுக்கும் பக்கத்துக்கு மேலே பாரமான எதையும் வைக்காதீர்கள்.

கூரைச் சிலாகையில் கயிறு கட்டி மூட்டை தொங்கவிடுவதும் வேண்டாம். அந்த மரம் கூரை ஓடுகளையோ சீட்டையோ தாங்கப் போட்டது. கூரை அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் கொக்கி மாட்டுவதற்காக அதைத் துளைக்கவோ அறுக்கவோ கூடாது. பறக்கிற தூசு நுரையீரலுக்குக் கேடு. மத்தியானத்தில் சீட்டுக்கு அடியில் அடிக்கிற சூட்டில் பால்மாவும் மருந்துக் குளிசையும் பழுதாகும், ஆகவே அவை கண் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும்.

இப்போது நெல். அம்பாறைப் பக்கமும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் பெரும்போகம் வெட்டியதும் சாப்பாட்டுக்கென்று நெல் மூட்டை வீட்டுக்கு வரும். களஞ்சியம் இல்லாத சின்ன வீட்டில் அது படுக்கையறை மூலையில்தான் நிற்கும். அதில் தப்பில்லை. காயாமல் கொண்டுவந்து அடுக்குவதுதான் தப்பு. நெல் வாங்குகிறவர்கள் ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அதற்கு மேல் போனால் மூட்டைக்குள் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். கருவி இல்லாவிட்டால் ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைய வேண்டும், நசிந்தால் இன்னும் ஒரு வெயில் காட்டுங்கள். மூட்டையைப் பலகை மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். எலி அந்த இடைவெளியில் ஓடினால் கண்ணில் படும். மொத்தமாக அரிசியாக்கி வைக்கவும் வேண்டாம். உமி இருக்கும்வரை நெல்லுக்கு அது காவல். இரண்டு மூன்று கிழமைக்குத் தேவையானதை மட்டும் குற்றுங்கள்.

இதில் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். வண்டுக்கென்று விற்கிற அலுமினியம் பொஸ்பைட் குளிசையை ஆட்கள் படுக்கிற வீட்டில் ஒருபோதும் பாவிக்காதீர்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டாலே அது பொஸ்பீன் வாயுவை விடும். மூடிய அறையில் தூங்குகிற பிள்ளையின் உயிரை எடுக்க அது போதும். அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. மணம் வரவில்லை, அதனால் வாயு இல்லை என்றும் நம்ப முடியாது. வண்டு விழுந்தால் நெல்லை வெயிலில் பரப்பிப் புடைத்தெடுங்கள். காய்ந்த வேப்பிலையும் நொச்சியும் போடலாம், அவை கொஞ்சம்தான் தடுக்கும். வண்டு தின்று போகிற இரண்டு கிலோவைவிடப் பிள்ளை பெரிது.

காஸ் சிலிண்டரும் அப்படித்தான். குசினி அழகாகத் தெரியட்டும் என்று 12.5 கிலோ சிலிண்டரை மேடைக்கு அடியில் வைத்துக் கதவு போட்டு மூடுகிறார்கள். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் அந்தப் பெட்டிக்குள்ளேயே அடியில் தேங்கி நிற்கும். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்பு வெடித்த செய்திகளை நாம் மறக்கவில்லை. கதவைக் கழற்றிவிடுங்கள், அல்லது தரையோடு காற்றுப் போகத் துவாரம் விடுங்கள். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்ற பழக்கத்தில் இன்றும் கானில் பெற்றோல் பிடித்து வீட்டுக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அதற்கு வீட்டுக்குள் இடமே கொடுக்கக் கூடாது.

உள்ளே இடமில்லாததெல்லாம் கடைசியில் தாழ்வாரத்துக்குப் போகும்: பழைய டயர், பெயின்ட் வாளி, உடைந்த குடம். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். முதல் மழையில் தண்ணீர் நின்றால் பத்து நாளுக்குள் நுளம்பாகப் பறக்கும். வெளியில் வைத்தே ஆக வேண்டுமென்றால் கவிழ்த்து வையுங்கள். டயரைக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, கடதாசிகள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பத்திரம் என்று சொல்லி அலுமாரியின் அடி லாச்சியில், துணிக்குக் கீழே பூட்டி வைக்கிறோம். தண்ணீர் முதலில் ஏறுகிற இடம் அது. 2004 மார்கழிச் சுனாமியில் கடதாசியை இழந்தவர்கள் எத்தனை கந்தோர் வாசலில் நின்றார்கள் என்பதைக் கரையோரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் இப்போது தண்ணீர் போகாத பை ஒன்றில் எல்லாம் இருக்கிறது, போனிலும் படம் பிடித்து வைத்திருக்கிறோம். பை, முன்கதவுக்குப் பக்கத்தில் தலைக்கு மேலே ஒரு கொக்கியில் தொங்குகிறது. சின்னவளுக்கு எட்டாது. மூத்தவன் ஸ்டூலில் ஏறி எடுப்பான், இரண்டு தரம் எடுத்துக் காட்டியும் இருக்கிறான்.